பேரன் கொடுத்த டகோட்டா



எங்கப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரண்டாம் உலகப் போர் சமயம் அங்கே ரயில் வேலையோடு பிரிட்டிஷ் போர் விமானங்களையும் ரிப்பேர் பார்த்தாங்க. ஆயுசில் ஒருதரம்கூட அவர் ஏறிப் பறந்ததில்லை.

2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் ஃப்ளைட் சிமுலேட்டரின் 40-ஆம் ஆண்டுக்காகச் சில பழைய விமானங்களை இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒன்று, 1935-ல் முதலில் பறந்த டிசி-3. நம்ம டகோட்டாதாங்க! பேரன் கம்ப்யூட்டரில் ஏற்றி, "ஓட்டுங்க தாத்தா"ன்னான். வாலில் சக்கரம், தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே ஓடுபாதை தெரியாது. மூணு தரம் கவிழ்த்தேன். நாலாவது தரம் திருச்சியில் எழும்பி, மலைக்கோட்டையைச் சுற்றிப் பொன்மலைக்கு மேலே வந்துட்டேன். கண் கலங்கிடுச்சு.

அப்பா இருந்திருந்தா, இன்ஜின் சத்தம் சரியில்லைன்னு சொல்லியிருப்பார்.