செயின் ஏன் கழல்கிறது?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னை போகும் வழியில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் தாங்களே ஒரு கோ-கார்ட் செய்தார்கள். மூன்று முறை செயின் கழன்றது. "செயின் மட்டம், மாமா" என்றார்கள். புதுசு வாங்கிக் கொடுத்தேன், அதுவும் கழன்றது. பாவு கோணலான தறியில் நாடாவைக் குறை சொன்ன கதைதான். நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தோம். எஞ்சின் பக்கப் பல்சக்கரம் 4 மி.மீ. விலகியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு பல்சக்கரங்களையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். செயினை நடுவில் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. ஆட வேண்டும். இறுக்கும்போது எஞ்சின் நகரும். எனவே இறுக்கிய பின் மறுபடி பட்டையை வையுங்கள். பிறகு சக்கரத்தைப் பிடித்து அச்சை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். ஆளை உட்கார வைத்தும் பாருங்கள்; கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, சட்டமே வளையும்.

செயினுக்கு மூடி போடாமல் ஓட்ட விடாதீர்கள். துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் அருகில் வரக் கூடாது. செயின் போனால் வாங்கலாம். விரல் போனால் வராது.