காலம் கடந்துவிட்டதா?



கூலி வெட்டைப் பற்றிக் கூட்டம் போட்டால் பேச ஆயிரம் பேர் வருவார்கள். இன்று நாம் பேசப்போவது வாய் திறக்கவே கூசும் விஷயம். சிறு வயதில் உறவுக்காரனோ, வாத்தியாரோ, மேஸ்திரியோ செய்த பாலியல் கொடுமையை நாற்பது வயதிலும் நெஞ்சில் சுமந்து திரிகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும்தான்.

அவர்கள் துணிந்து சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? "இத்தனை வருஷம் கழித்தா? கேஸ் நிற்காது, போ!" நல்லெண்ணம் கொண்ட நம் ஆட்களே இப்படிச் சொல்கிறார்கள். இது தவறு.

மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் எந்தச் சட்டப்படி வழக்கு என்பதைக் குற்றம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும். பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு முன்னால் நடந்ததைத் தண்டிக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 20வது ஷரத்து அப்படி.

2012 நவம்பர் 14ல் போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது. அதற்குப் பின் நடந்ததென்றால், அப்போது 18 வயது நிறையாத பையனானாலும் பெண்ணானாலும் அந்தச் சட்டமே பாயும். இன்று அவருக்கு 28 வயது ஆகியிருக்கட்டுமே! அதற்கு முன் நடந்ததென்றால் இந்திய தண்டனைச் சட்டம்: சிறுமியைப் பலாத்காரம் செய்ததற்கு 376, சிறுவனுக்குச் செய்ததற்கு 377. 2024 ஜூலை 1ல் அச்சட்டத்தை மாற்றிவிட்டார்கள். என்றாலும் அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அது இன்னும் செல்லும்.

ஓட்டையும் இருக்கிறது, மறைக்க மாட்டோம். பலாத்காரம் அல்லாத மானபங்கத்துக்கு 2013க்கு முன் 354வது பிரிவில் இரண்டாண்டுதான் தண்டனை. ஆகவே மூன்றாண்டில் காலம் முடிந்துவிடும். தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம்; கிடைக்குமென்று உறுதி சொல்ல முடியாது. சிறுவர்களுக்கோ அந்தப் பிரிவே பொருந்தாது.

சாட்சிக்கு எங்கே போவது? பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் நம்பத்தக்கதாயிருந்தால் அதுவே போதும், தாமதம் ஒன்றே வழக்கைக் கெடுக்காது என்று 1996ல், பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் குறுக்கு விசாரணை சும்மா விடாது. எந்த வகுப்பில் படித்தபோது, எந்த வீட்டில், எந்தத் திருவிழாவை ஒட்டி, அப்போது யாரிடம் சொன்னோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் உதவும்.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லையைக் காட்டி விரட்டக்கூடாது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். புகார் கொடுத்தவர் சம்மதிக்காமல் அவர் பெயரைப் பத்திரிகையில் போடுவது குற்றம்.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987ம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்ற கூலிக்காரர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100க்குப் போன் செய்து கேளுங்கள்.

புகார் கொடுப்பதா, வேண்டாமா? அது பாதிக்கப்பட்டவர் முடிவு, நாம் நெருக்கக்கூடாது. ஆனால் அதே ஆள் இன்றும் குழந்தைகள் நடுவில் இருக்கிறானா என்று கேளுங்கள். இப்போது ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு, போக்சோவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தைகளுக்கான நம்பர் 1098.