'புரொக்ளெய்ம்': ஒரு வினைச்சொல்லும் அதன் குரலும்



பலரறியச் சொல்லுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைகள் பல உள. அவற்றுள் 'அனௌன்ஸ்', 'டிக்ளேர்', 'புரொக்ளெய்ம்' என்னும் மூன்றும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் 'அறிவித்தல்' என்னும் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன. மூன்றும் இலத்தீன் வழிவந்தவை. ஆயினும் வேர்கள் வேறு. முதலாவதன் வேரில் நிற்பவன் தூதன். இரண்டாவதன் வேரில் இருப்பது தெளிவு. மூன்றாவதன் வேரில் ஒலிப்பது குரல். 'புரோ' என்பது முன்னால், வெளியே எனப் பொருள்படும். 'கிளாமாரே' என்பது உரக்கக் கூவுதல். உரிமை கோருதலைக் குறிக்கும் 'கிளெய்ம்' என்னும் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததே.

வழக்கிலும் இவ்வேறுபாடு விளங்கும். தொடர்வண்டியின் வருகையை 'அனௌன்ஸ்' செய்வர். சுங்கச் சாவடியில் கொண்டுவந்த பொருளை 'டிக்ளேர்' செய்வர். அரசனையோ 'புரொக்ளெய்ம்' செய்வர். 2022 செப்டம்பர் 8 அன்று இரண்டாம் எலிசபெத் மறைந்த கணமே சார்லஸ் மன்னராகிவிட்டார். எனினும் செப்டம்பர் 10 அன்று இலண்டன் புனித ஜேம்ஸ் அரண்மனை மாடத்தில், எக்காளம் முழங்க, அது பலர் முன் உரக்கப் படிக்கப்பட்டது. அக்குரல் மன்னரை உண்டாக்கவில்லை. அவர் மன்னர் என்பதை ஊரறியச் செய்தது.

இந்திய அரசியலமைப்பின் 352ஆம் உறுப்பு இன்னும் நுட்பமானது. குடியரசுத் தலைவர் 'புரொக்ளமேஷன்' வாயிலாக நெருக்கடி நிலையை 'டிக்ளரேஷன்' செய்யலாம் என்பது அதன் கருத்து. முன்னது வடிவம், பின்னது உள்ளடக்கம். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால் அத்தொடரே பொருளிழக்கும்.

கூவிய குரல் கேட்கப்படாவிட்டால் என்னாகும்? அமெரிக்க வரலாறு விடை தருகிறது. ஆபிரகாம் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர் என்றது அது. டெக்சாஸ் அம்மாநிலங்களுள் ஒன்று. ஆயினும் அங்கே கால்வெஸ்டன் நகரில் படைத்தலைவர் கோர்டன் கிரேஞ்சரின் ஆணை வெளியிடப்பட்டது 1865 சூன் 19 அன்றுதான். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. செய்தி ஒருசிலர் செவிக்கு முன்னரே எட்டியிருக்கலாம். அதை நடப்பிக்கும் படை அங்கில்லை. தாளில் விடுதலை பெற்றவர்கள் வயலில் அடிமைகளாகவே உழைத்தனர். 2021இல் அமெரிக்கக் கூட்டரசு விடுமுறை நாளாக்கியது சூன் 19ஐத்தான். ஒப்பமிட்ட நாளினும் குரல் வந்து சேர்ந்த நாளையே மக்கள் போற்றினர் என்பது எண்ணத்தக்கது.

தமிழில் இவ்வினைக்கு ஈடில்லையோ என ஐயுற வேண்டா. 'அறைதல்' என்னும் சொல் அடித்தலையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். மணிமேகலையின் முதற் காதை 'விழாவறை காதை' எனப் பெயர் பெற்றது, புகார் நகரில் இந்திர விழா முரசறைந்து உணர்த்தப்பட்டதனால். 'பறை' கருவியின் பெயர். சொல்லுதலும் அதன் பொருள். மலையாளத்தில் அவ்வினை இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. ஆங்கிலம் தொண்டையிலிருந்து பெற்றதைத் தமிழ் தோற்கருவியிலிருந்து பெற்றது.

ஓசையற்ற வழக்கும் இரு மொழிக்கும் பொது. ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ், உடையே ஆளை இன்னாரெனக் காட்டும் என மகனுக்கு உணர்த்த இவ்வாங்கில வினையையே ஆள்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் பெருமையைப் பறைசாற்றுகிறது என்று தமிழரும் கூறுவர்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் இடமறிந்து தேர்தல் வேண்டும். அரசு ஆவணத்துக்குப் 'பிரகடனம்' பொருந்தும். குரல் கேட்கும் இடத்தில் 'முரசறைந்தான்', 'பறைசாற்றினான்' என்பனவே உயிருள்ளவை. வெறுஞ்செய்திக்கு 'அறிவித்தான்' போதும்.

கவிஞர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விடுதலை, நீதி என்று கவிதையில் முழங்குதல் எளிது. அம்முழக்கம் எவர் செவியைச் சேர வேண்டும், சேரும்வரை அதன் பின்னே நிற்பவர் யார் என்னும் வினாக்களுக்கு விடையுள்ள கவிதையே முரசறையும் தகுதி உடையது. ஏனையவை கால்வெஸ்டனை எட்டாத தாள்களே.

பத்தாம் ஆண்டு காணும் இலக்கிய வட்டத்தின் குரல் தொலைவிலுள்ள செவிகளையும் எட்டுவதாக.