கடைசி இரண்டு கட்டை

போன தீபாவளிக்கு என் தங்கச்சி கொழும்பிலிருந்து அம்மாவுக்கு ஒரு சேலையைக் கூரியரில் போட்டாள். இரவு ஏறிய பொதி, விடியும்போது ஹட்டனில். வந்துவிட்டதென்று போனுக்குத் தகவலும் வந்தது. பிறகு மூன்று நாள் சத்தமே இல்லை.

நான்காம் நாள், அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு. பொதி கொண்டுவந்த தம்பி கீழே சந்தியில் நிற்கிறான்.

"எந்த லயம்மா?"

"மாரியம்மன் கோயிலத் தாண்டி, பிள்ளைக்காம்பராவுக்கு மேல, நாலாவது லயம் தம்பி."

"கோயில் ரெண்டு இருக்கேம்மா!"

சந்தியிலிருந்து லயத்துக்கு இரண்டு கட்டை, அதுவும் குண்டும் குழியுமான ஏற்றம். கடைசியில் பொதியைச் சந்திக்கடையில் வைத்துவிட்டுப் போனான். ஏன் மூன்று நாள் என்று கேட்டதற்கு, அந்தப் பக்கத்துக்குப் பத்துப் பொதியாவது சேர்ந்தால்தான் பெட்ரோலுக்குக் கட்டும் என்றானாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

பொதியைப் பின்தொடரும் நுட்பம் ஒன்றும் புதிதல்ல. 1979இலேயே அமெரிக்கக் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் பொதிகளைக் கணினியில் பின்தொடரத் தொடங்கியது. 2018இல் அலிபாபா, இணையக் கடையான டராஸை வாங்கியபோது, சீனப் பணமும் நுட்பமும் இலங்கைச் சந்தைக்கும் வந்தன. பார்கோடு, தரம்பிரிக்கும் இயந்திரம், வழிகாட்டும் வரைபடம் என்று கூரியர்காரர்கள் போடும் முதலெல்லாம் ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது: பொதியின்மேல் ஒரு முகவரி இருக்கும். நம் லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்கு அதுதானே இல்லை? தோட்டத்தின் பெயரோடு முகவரி முடிந்துவிடுகிறது. தோட்ட ஆபீஸில் கிடந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்தபின் கைக்கு வந்த கடிதங்களின் கதை உங்களில் பலருக்குத் தெரியும்.

முதல் போடாத மலையா இது? கோப்பியை இறக்க 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ஏறியது. எல்லாம் கீழே கொண்டுபோக. இன்றும் கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலை மூட்டையைப் பாருங்கள்: தோட்டத்தின் பெயர், ரகம், எடை, இன்வொய்ஸ் இலக்கம். மூட்டை எங்கே போனாலும் எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடலாம். அதை நிரப்பியவரின் வீட்டுக் கதவில் ஓர் இலக்கம் கிடையாது.

இந்திய அஞ்சல் துறை 2025இல் 'டிஜிபின்' கொண்டுவந்தது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு. அப்படியொன்று இங்கே வந்தால் நல்லதுதான். அதற்குமுன் ஒரு வாளி பெயின்ட் வாங்கிக் கதவுகளில் இலக்கம் எழுதி, அதைத் தபால் கந்தோரில் பதிந்தாலே பாதி வேலை முடியும் என்பேன்.

இப்போதைக்கு எங்கள் சந்திக்கடை மாமாதான் எல்லாம். பாண் அலமாரிக்கு மேல் பொதிகள் அடுக்கியிருக்கும். பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி. மூன்றாம் பக்கத்தில் அம்மாவின் பெயர். அதற்கு நேரே, நாலாம் லயம், ஆறாம் காம்பரா, மகளின் போன் நம்பர்.