வாசலில் தொடங்கும் வைகை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட்டை உறிஞ்சத் தெரியாமல் அமிலத்தை வாய்க்குள் இழுத்தவன் நான். அப்படிப்பட்டவன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நம் செட்டுக்காரர் ஒருவர் மதுரைப் பக்கம் ஆசிரியர். "காலமெல்லாம் தண்ணிய டெஸ்ட் பண்ணினவன்தானே நீ? பிள்ளைகளுக்குப் போன்லயே நாலு வார்த்தை சொல்லேன்" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். முதல் நாள் நாற்பது படங்களைத் திரையில் காட்டி ஒரு மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: "சார், போகலாமா?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறு வாரம் படமே காட்டவில்லை. "ஆளுக்கு ஒரு தாளை எடுங்க. நல்லாக் கசக்கிப் பாதி விரிச்சு வைங்க. மேடான இடத்துல எல்லாம் ஸ்கெட்ச் பேனாவால கோடு போடுங்க. இப்போ கையில தண்ணிய எடுத்துத் தெளிங்க" என்றேன். மை கரைந்து பள்ளங்களில் ஓடிச் சேர்ந்தது. "சார், ஆறு! ஆறு!" என்று கத்தினார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மேட்டில் போட்ட மை பள்ளத்துக்கு வரும். மேட்டில் கொட்டும் குப்பையும் அப்படித்தான்.

திரை வழி வகுப்பில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரே ஆற்றின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு, மதுரை, பரமக்குடி என்று மூன்று ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்தோம். வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. அரபிக் கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்று நீரை, 1895-ல் பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். 1959-ல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்பத்துப் பையன், "எங்க ஊர்ல தண்ணி ஓடுது சார்" என்றான். பரமக்குடிப் பெண், "எங்க ஊர்ல மணல்தான் சார்" என்றாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்தப் பையனே கேட்டான்: "அப்போ நாங்க சோப்புப் போட்டுத் துவைக்கிற தண்ணி அவங்களுக்குப் போகுமா சார்?" அந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் பாடம் எடுத்தது போதும் என்று எனக்குத் தோன்றியது.

இனி என் தவறைச் சொல்கிறேன். உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத் திரையில் காட்டி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்ற இந்தியத் தர அளவையும் சொல்லியிருந்தேன். மழைக்குப் பின் ஒரு மாணவி உற்சாகமாகச் சொன்னாள்: "சார், எங்க தெருக் கிணத்துல 180-தான் காட்டுது. கண்ணாடி மாதிரி இருக்கு. அதைத்தான் குடிக்கிறோம்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. மீட்டர் உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. மழைநீர் கலந்தால் உப்பு குறையும். அதே மழைதான் சாக்கடையையும் கிணற்றுக்குள் இழுத்து வரும். அந்த எச்சரிக்கையைச் சொல்ல நான் மறந்திருந்தேன். ஆசிரியர் நண்பர் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் தண்ணீர் கறுத்துவிட்டது. மலக்கழிவு கலந்திருக்கலாம் என்பதன் அடையாளம் அது. அதே தர அளவின்படி, குடிநீர் 100 மில்லியில் ஒரு ஈ.கோலி கூட இருக்கக் கூடாது. அன்றே கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னோம். அவள் அந்தக் கறுத்த குப்பியை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். நான் பத்து வகுப்பு எடுத்தாலும் அப்படிப் புரிய வைத்திருக்க முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. வகுப்புப் பட்டியலில் பெயர் இருந்தும் சில பிள்ளைகள் வரவே இல்லை. விசாரித்தால், வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். வகுப்பை இரவு ஏழு மணிக்கு மாற்றினோம். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் கடைசி வரை வரவில்லை. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தாய் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள்தான்.

ஆகவே நண்பர்களே, திரை போதும் என்று நான் சொல்லவில்லை. மேலூர்ப் பிள்ளையையும் கீழூர்ப் பிள்ளையையும் திரை சேர்த்து வைக்கும். தண்ணீரைத் தொட்டுப் பார்க்க ஒரு மனிதர் நேரில் போகத்தான் வேண்டும். நம்மில் தண்ணீர் படித்தவர்கள், நிலவியல் படித்தவர்கள், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! மாதம் ஒரு மணி நேரம் திரை வழியே பேசுங்கள். பீரோவில் தூங்கும் பழைய போனைச் சங்கத்திடம் கொடுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் ஒரு சனிக்கிழமை சோதனைக் குப்பியோடு பக்கத்துப் பள்ளிக்குப் போய் வாருங்கள்.

பிப்பெட்டை மட்டும் வாயால் உறிஞ்சாதீர்கள்.