பனிமலைக்குப் போன இரு துவிச்சக்கர வண்டிகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் என்றதும் தன்னந்தனியாகப் புறப்பட்டுப் போகும் ஒருவரின் உருவமே பெரும்பாலும் நம் மனதில் எழும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ இருவர் சேர்ந்து சென்ற பயணம். இருவர் சேர்ந்து எழுதிய நூல்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு துவிச்சக்கர வண்டியில் ஏறி, இந்தியாவின் தென்கோடிக் கடலோரத்திலிருந்து வடக்கே இமயத்தின் பனிமலை வரை போன கதை இது. அந்த நெடும் பயணத்தில் நம் இலங்கையும் அடங்கியிருந்தது என்பதால், நமக்கும் இதில் சிறிது உரித்து உண்டு.

மனைவியின் பெயர் ஃபனி புலொக் வேர்க்மன். 1859 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் ஒரு வைத்தியர். மனைவியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். 1882 இல் திருமணம் நடந்தது. 1889 இல் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி வில்லியம் தொழிலை விட்டார். குடும்பம் ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தது. றேச்சல் என்றொரு மகள், சீக்ஃபிரிட் என்றொரு மகன். அந்த மகன் 1893 இல், நான்கே வயதில், நோயுற்று இறந்துபோனான்.

இந்தச் சாவை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அக்காலத்தில் துவிச்சக்கர வண்டி புதுமையான பொருள். இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் ‘றோவர்’ வண்டியை இங்கிலாந்தில் ஸ்ராலி என்பவர் 1885 இல் வெளிக்கொணர்ந்தார். காற்றடைத்த ரயருக்கு டன்லொப் 1888 இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு கூட நிறையாத அந்த வசதியை நம்பி, இவர்கள் அல்ஜீரியா போனார்கள், அடுத்து ஸ்பானியா. இரண்டு பயணங்களும் நூல்களாயின. 1897 நவம்பரில் கீழைத்தேயப் பயணம் தொடங்கியது. அப்பொழுது ஃபனிக்கு வயது 38, வில்லியமுக்கு 50.

இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகள் நீண்ட பயணம் அது. இந்தியச் சமவெளியில் மட்டும் பதினாலாயிரம் மைல், அதாவது ஏறத்தாழ 22,500 கிலோமீற்றர் உருட்டியதாக, 1904 இல் வெளிவந்த அவர்களுடைய நூலின் தலைப்பே கூறுகிறது. தேயிலை, சீனி, பிஸ்கற், பாற்கட்டி, தகரத்திலடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுகருவிகள், மருந்து, வண்டி திருத்தும் சாமான்கள் என்பவையே சுமை. உணவு கிடைக்க வேண்டுமென்பதற்காகப் புகையிரதப் பாதைகளை விட்டு அதிக தூரம் விலகாமல் ஓடினார்கள். வேறிடம் கிடைக்காத இரவுகளில் புகையிரத நிலையத்துப் பிரயாணிகள் அறையிலே படுத்தார்கள். நுளம்பும் எலியும் கூட இருந்தன. ஃபனி நீண்ட பாவாடையுடனேயே வண்டி ஓட்டினார்.

ஒரே நாளில் நாற்பது தடவை வரை ரியூப்புக்கு ஒட்டுப் போட வேண்டி வந்ததுண்டாம். தொண்ணூறுகளில் எரிபொருள் இன்றி, துவிச்சக்கர வண்டியையே வாகனமாகக் கொண்டிருந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. வெயிலில் தெருவோரம் குந்தியிருந்து, ஒருவர் ரயரைக் கழற்ற மற்றவர் பசை பூசுகிறார். நாற்பதாவது ஒட்டுக்குப் பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடிகிறதென்றால், அந்த இல்லறத்தில் ஏதோ ஓர் உறுதி இருந்திருக்கத்தான் வேண்டும்.

1898 கோடையில் சமவெளியின் வெக்கை தாங்காமல் மலைப்பக்கம் திரும்பினார்கள். வண்டிகளுக்கு அங்கே வேலையில்லை. லடாக், நூப்ரா, சூரு முதலிய பிரதேசங்களில், பதினாலாயிரம் முதல் பதினெண்ணாயிரம் அடி வரை உயர்ந்த கணவாய்களைக் கடந்து நடந்தார்கள். கோடை வெப்பத்துக்கு ஒதுங்கப் போனவர்களைப் பனி பிடித்துக்கொண்டது. அதன் பின் அவர்களுடைய வாழ்வு மலைக்கே உரியதாயிற்று. அடுத்த ஆண்டு சுவிற்சர்லாந்து வழிகாட்டி சூர்பிரிக்கனுடன் காரக்கோரத்தின் பியாபோ பனியாற்றில் ஏறினார்கள். 1906 இல், தமது 47 ஆவது வயதில், ஃபனி நுன்-குன் மலைத்தொகுதியில் 6,930 மீற்றர் உயரமான சிகரம் ஒன்றை அடைந்தார். பெண்களுக்கான அந்த உயரச் சாதனை 1934 வரை முறியடிக்கப்படவில்லை. 1912 இல் சியாச்சென் பனியாற்றின் தலைப்பகுதியில், ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்ற தலைப்புடைய செய்தித்தாளை விரித்துப் பிடித்து நிழற்படம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் நான் வியப்பது அந்த உயரத்தை அல்ல. பின்னைய மலைப்பயணங்களில் இவர்கள் ஓர் ஒழுங்கை வைத்திருந்தனர். ஓர் ஆண்டு ஒருவர் பயண ஏற்பாடுகளுக்குத் தலைமை தாங்க, மற்றவர் படப்பிடிப்பையும் அளவீடுகளையும் பார்ப்பார். அடுத்த ஆண்டு பொறுப்புகள் இடம் மாறும். மனைவி தலைமை தாங்கும் ஆண்டில் கணவர் அவருக்குக் கட்டுப்பட்டவர். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் எத்தனை பேர் இதற்கு இணங்குவோம்? அவர்களுடைய நூல்களில் வரும் ‘நாங்கள்’ என்ற சொல் வெறும் அலங்காரமல்ல. அது இருவரும் உழைத்துச் சம்பாதித்த சொல்.

அப்படியானால் குறை எங்கே? அந்த ‘நாங்கள்’ இருவரோடு முடிந்துவிட்டது என்பதே குறை.

சமவெளியில் பெரிதும் தம் கால்களையே நம்பியவர்கள், மலையில் பிறர் முதுகை நம்ப வேண்டியதாயிற்று. கூடாரம், உணவு, கருவிகள் அனைத்தையும் ஊர் மக்களே காவினார்கள். 1898 இல் சிக்கிமில் அவர்கள் இவர்கள் விரும்பிய வேகத்தில் நடக்க மறுத்தபோது, இவர்களுக்கு ஆத்திரமே வந்தது. சுமை காவியவர்களைப் பற்றிய முறைப்பாடுகள் நூலுக்கு நூல் தொடர்கின்றன. குளிரும் பசியும் தமக்கு வந்தால் அது வீரம். காவுகிறவனுக்கு வந்தால் அது சோம்பல். இமய ஆய்வுகளின் வரலாற்றை எழுதிய கெனத் மேசனும், இத்தம்பதியர் அவசரக்காரர்கள், காவுவோரின் மனநிலையைப் புரிந்துகொள்ள முயலாதவர்கள் என்ற கருத்தையே கொண்டிருந்தார். மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் ஜாதகக் கதைகளையும் படித்தவர்கள் இவர்கள். பழைய கோயில்களின் சிற்பங்களைத் தேடித்தேடிப் பார்த்தவர்கள். கல்லைப் படித்த கண்ணுக்கு, பக்கத்தில் நின்ற மனிதனின் முகம் படவில்லை.

இப்பொழுது அந்தச் சிறுவனிடம் வருகிறேன். 1899 இல் காரக்கோரத்தில் தாம் ஏறிய ஒரு சிகரத்துக்கு ஃபனி ‘சீக்ஃபிரிட் கொம்பு’ என்று பெயரிட்டார். இறந்து ஆறு ஆண்டுகள் கழிந்த மகனின் பெயர் பதினெண்ணாயிரம் அடிக்கு மேலே, பனியில் வைக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எதையும் செய்வாள். அந்த இடத்தை வாசிக்கையில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. அந்தச் சரிவுக்குச் சுமை காவி வந்தவர்களின் வீடுகளிலும் பிள்ளைகள் இறந்திருப்பார்கள். அவர்களின் துயரம் எந்த நூலில் ஏறியது? இவர்களுடைய மகள் றேச்சல் கூட, தாய்தகப்பன் ஊர் சுற்றிய காலத்தில் பிறர் பராமரிப்பிலும் பள்ளிக்கூடங்களிலுமே வளர்ந்தார். பின்னாளில் அவர் புவிச்சரிதவியல் அறிஞராக விளங்கினார் என்பது வேறு கதை.

1912 ஆம் ஆண்டுப் பயணத்தில் செனோ என்ற இத்தாலியர் பனிப்பிளவில் விழுந்து உயிரிழந்தார். மயிரிழையில் தப்பியவர் ஃபனி. அவர்கள் நடந்து வரைபடமாக்கிய அதே சியாச்சென், 1984 முதல் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்கும் களமாயிற்று.

ஃபனி 1925 இல் பிரான்சில் காலமானார். வில்லியம் 1937 இல். தமது சொத்தில் ஒரு பெரும் பகுதியைப் பெண்களுக்கான நான்கு கல்லூரிகளுக்கு ஃபனி எழுதி வைத்திருந்தார். தமக்குக் கிடைத்த பாதையைப் பின்வரும் பெண்களுக்கும் திறக்க விரும்பியவர் என்பதை நாம் மறுக்க முடியாது.

நேயர்களே, இத்தம்பதியரைப் புகழவோ இகழவோ நான் இங்கு வரவில்லை. பயண நூல் ஒன்றைக் கையிலெடுக்கும்போது, எத்தனை மைல், எத்தனை அடி என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். அதில் வரும் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மனைவிக்குச் சரிபாதி இடம் கொடுத்த அளவில் வேர்க்மன் தம்பதியரின் நூல்கள் தம் காலத்தை முந்தியவை. சுமை காவியவருக்கு இடம் கொடாத அளவில் அவை தம் காலத்துக்குள்ளேயே தங்கிவிட்டவை. நம் மண்ணிலிருந்து, நம் மொழியில் பயணம் எழுதப் போகிறவர்கள் இவ்விரண்டையும் மனங்கொள்ள வேண்டும்.