ஹந்தானைக்கு ஒருநாட் பயணம்



கண்டி வாவிக்கரையில் நின்று தென்மேற்கே நோக்குவோர்க்கு, வானத்தை மறித்து நிற்கும் நீண்ட மலைத்தொடர் ஒன்று தோன்றும். அதுவே ஹந்தானை. காலையில் அதன் தலையில் முகில் தங்கும். மாலையில் மலையே முகிலுக்குள் மறைந்துவிடும். நகரத்தவர் நாள்தோறும் அதனைக் காண்கின்றனர். கண்டுகொண்டே இருப்பதனாலோ என்னவோ, ஒரு தரமேனும் ஏறிப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் அவர்களுட் பலர்க்குத் தோன்றுவதில்லை. தோன்றியவரோ, பெரும்பாலும் முதல்நாள் இரவு தீர்மானித்து, மறுநாட் காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகின்றனர். இடர் தொடங்குவது அந்த ஒன்பது மணியிலேதான்.

மலையின் உயர்ந்த முகடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 அடி. கண்டி நகரமோ 1,600 அடிக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. ஆகவே ஏறவேண்டியது 2,000 அடியளவே. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறும் யாத்திரிகர், முதியோரும் குழந்தைகளும் உட்பட, இதனினும் மிகுதியாக ஏறுகின்றனர் அன்றோ எனக் கேட்கலாம். உண்மையே. ஆயின் அங்கே படிகள் உண்டு. யாத்திரைக் காலத்தில் விளக்குகளும் தேநீர்க் கடைகளும் உண்டு. முன்னும் பின்னும் ஆயிரம் பேர் உண்டு. ஹந்தானையின் மேற்பகுதியில் இருப்பவை மானாப்புல்லும், பைன் மரங்களும், பல கிளைகளாகப் பிரிந்து ஒன்றுபோலவே தோன்றும் ஒற்றையடிப் பாதைகளுமே. அடி அளவைக் கொண்டு மட்டும் மலையை மதிப்பிடலாகாது.

காலத்தைக் கணிப்பதற்குப் பழைய விதி ஒன்றுண்டு. ஸ்கொத்லாந்து நாட்டு மலையேறியாகிய வில்லியம் நெயிஸ்மித் என்பார் 1892ஆம் ஆண்டில் வகுத்தது அது. மூன்று மைல் நடைக்கு ஒரு மணி. ஏறும் 2,000 அடிக்கு மேலும் ஒரு மணி. இவ்விதிப்படி, மூன்று மைல் நடந்து ஹந்தானை முகட்டை அடைய இரண்டு மணி நேரம் போதும். ஆனால் நெயிஸ்மித் கணக்கிட்டது குளிர்நாட்டில், நடந்து பழகிய கால்களுக்கு. வெயிலும் வியர்வையும் மிகுந்த இந்நாட்டில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அதனை இரட்டித்துக் கொள்வதே நன்று. ஏற நான்கு மணி. மேலே ஒரு மணி. இறங்க மூன்று மணி. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தை விட்டவர் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்புவர். ஒன்பது மணிக்குப் புறப்பட்டவரோ, ஒருமுறை வழி தவறினால், ஆறரை மணி இருளில் புல்லைப் பற்றிக்கொண்டு இறங்க நேரும். இந்நாட்டில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. கதிரவன் மறைந்தபின் அரைமணி நேரத்துள் இருள் சூழ்ந்துவிடும்.

பருவத்தையும் தெரிதல் வேண்டும். கண்டிப் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஓரளவு வறண்டவை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும், பின்னர் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் இடிமுகில் திரளும். மரமற்ற புல்முகட்டில் நிற்கும் மனிதனே அங்கு உயர்ந்த பொருள். மின்னல் தேடுவதும் அதனைத்தான். மழைக்காலத்தில் மண்சரிவு அச்சமும் உண்டு. 2025 நவம்பரில் வீசிய தித்வா புயல் கண்டி மாவட்டத்தில் விளைத்த அழிவை எவரும் மறந்திரார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக விடுக்கின்றது. மஞ்சள் எச்சரிக்கை உள்ள நாளிலேயே பயணத்தை ஒத்திவைத்தல் தகும். சிவப்பு வரட்டும் எனக் காத்திருப்பது அறிவன்று.

வானொலியும் திணைக்களமும் சொல்லாதவற்றைத் தோட்டத்து மக்கள் சொல்வர். நகரப் பக்கத்து வழி தேயிலை மலைகளூடே செல்வது. அம்மலைகளில் கூடையுடன் ஏறி இறங்கும் பெண்களுக்கு, எந்த மரத்திற் குளவி கூடு கட்டியுள்ளது, எந்த ஓடைக்கரையில் அட்டை மிகுதி என்பனவெல்லாம் தெரியும். குளவிக் கொட்டு மலையகத்தில் உயிரையே பறித்த செய்திகள் அடிக்கடி வருவன. “அம்மா, இன்று மேலே போகலாமா?” என்று நின்று கேட்பதற்கு அரை நிமிடமே செல்லும். லயன்களின் வாசல்வழியே கூச்சலிட்டுக்கொண்டு ஓடும் கூட்டத்திற்கு அவ்விடை கிடைப்பதில்லை.

இனி, பயணத்தின் கடினமான இடம். அது செங்குத்தான ஏற்றமன்று, பொய்ச் சிகரம். ஹந்தானைக்கு ஏழு சிகரங்கள் உண்டென்பர். மூச்சு வாங்க ஏறிச் செல்பவர்க்கு, கண்முன் தெரியும் முகடே இறுதி முகடெனத் தோன்றும். அதனை அடைந்ததும் அதன் பின்னால் இன்னொன்று, சற்றே உயர்ந்து நிற்கும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் பத்து நிமிடம்” என்று ஒருவர் சொல்வார். அவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் கூட்டத்தில் மிக வலியவர். பின்னால் வரும் சிறுவன் காலிற் கொப்புளத்தோடு பேசாமல் நிற்பான். பேசினால் கோழை என்பர் என அஞ்சுவான். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமாகும். ஆதலால் திரும்பும் நேரத்தை மலைமேல் தீர்மானித்தல் கூடாது. வீட்டில், மேசைமேல், தாளில் எழுதிவிட வேண்டும்: பதினொரு மணி ஆயின், நிற்கும் இடம் எதுவாயினும், அவ்விடமே அன்றைய சிகரம். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுதலும் நல்ல ஏற்பாடு. அவர் நடையே எல்லோர்க்கும் நடையாகும்.

பதினொரு மணிக்கு முன்னரே முகட்டை அடைந்தவர்க்குக் கிடைக்கும் காட்சி சிறிதன்று. கீழே, வடமேற்கில் மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்தோட, அவ்வளைவினுள்ளே 1821இல் அமைந்த பேராதனைப் பூங்கா. அதனருகே பல்கலைக்கழகத்தின் கூரைகள். ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவைக் குன்று. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டி மன்னரின் படை போர்த்துக்கேயரை முற்றாக முறியடித்த களம் அதுவே. அப்படை வென்றமைக்கு வீரம் மட்டுமன்றி இம்மலைகளும் காரணம் என்பது மேலிருந்து பார்ப்போர்க்குச் சொல்லாமலே விளங்கும். மேற்கே அலகல்லைத் தொடரும், தட்டையான தலையையுடைய பத்தலேகலைக் குன்றும். வடகிழக்கே, மடித்த கைவிரல்களின் மொழிகளை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் எனப் பெயரிட்ட தும்பறை மலைகள். நகரத்தின் நடுவே, 1807ஆம் ஆண்டளவில் சிறீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவி, கைக்கண்ணாடி போற் சிறுத்துக் கிடக்கும். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாதம் கற்பிப்பதை இம்முகட்டில் ஒருமணி நேரத்திற் காட்டிவிடலாம் என்றால் அது மிகையாகாது.

இறங்குவது எளிதென்பர் அனுபவமில்லாதோர். உலர்ந்த மானாப்புல் கண்ணாடிபோல் வழுக்கும். களைத்த முழங்கால் நடுங்கும். நினைவெல்லாம் வீட்டில் இருக்கும். வந்த வழியே இறங்குக. குறுக்குவழி என ஒருவர் காட்டும் பள்ளம் பாறை விளிம்பில் முடியக்கூடும். வறண்ட மாதங்களிற் புல் எளிதிற் பற்றிக்கொள்ளும். ஆதலால் தேநீர் காய்ச்சுகிறோம் என்று தீ மூட்டுவதை அறவே விலக்க வேண்டும். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட மலை இது.

தனியே செல்லுதல் கூடாது. அயலிலுள்ள அலகல்லை மலைக்கு 2023 ஜூலையில் தனியே சென்ற டென்மார்க் நாட்டுப் பெண்ணொருவரை, சில நாள் தேடியபின் உயிரற்ற நிலையிலேயே கண்டெடுத்தனர். குறைந்தது நால்வர் வேண்டும்: ஒருவர் காலொடிந்தால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவிக்கு இறங்க. எவ்வழியால் ஏறுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலிருப்பவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. 1990 என்னும் இலக்கத்தில் இலவச நோயாளர் வண்டியை அழைக்கலாம். ஆனால் கைத்தொலைபேசி மலைமடிப்புக்களில் எப்போதும் பேசும் என்று நம்புதல் வேண்டா. ஆளுக்கு இரண்டு லீற்றர் நீர், ரொட்டியும் சம்பலும், மழைச்சட்டை, டோர்ச் விளக்கு, அட்டைக்குச் சிறிது உப்பு. இவற்றுக்கு மேற்பட்ட சுமை வீண்.

வானம் இருண்டதால் கைவிடப்பட்ட பயணத்திற்காகப் பிள்ளைகள் முகம் வாடுவர். அவர்களை அதே ஹந்தானை வீதியிலுள்ள தேயிலை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லலாம். 1925இல் கட்டப்பட்டுப் பின் கைவிடப்பட்டிருந்த தொழிற்சாலையைத் திருத்தி, 2001இல் அதனைத் திறந்தனர். 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெயிலர் பற்றிய பொருட்களும், பழைய அரைக்கும் பொறிகளும் அங்கே உள்ளன. மேல்மாடியில் தேநீர் அருந்திக்கொண்டே, யன்னல் வழியாக, ஏறாத மலைமேல் மழை இறங்குவதைப் பார்த்திருக்கலாம்.